பழைய புத்தகத்தை வைத்துப் புது ஆட்டோகேட் கற்க முடியுமா?

கணினியில் கட்டட, இயந்திரப் படங்களை வரையும் மென்பொருளான ஆட்டோகேட் பற்றி வந்த கேள்வி இது: "சிவில் டிப்ளமோ முடித்து ஆறு வருஷம் ஆகிறது, வேலைக்குப் போகவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் ஆட்டோகேட் கற்றுக்கொள்ளலாம் என்று பழைய புத்தகக் கடையில் ஆட்டோகேட் 2004க்கு எழுதிய ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். லேப்டாப் தம்பியுடையது, அவன் கல்லூரிக்காகப் போட்ட புது ஆட்டோகேட் அதில் இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் 100க்கு 100 சதுரம் வரையச் சொல்லி நான்கு எண் ஜோடி கொடுத்திருக்கிறார்கள். அப்படியே தட்டினேன், சதுரம் வரவில்லை, கோணல்மாணலாக என்னவோ வருகிறது. புத்தகம் செத்துப்போச்சா, இல்லை நான்தான் மக்கா? பணம் கட்டி சென்டரில் சேர்ந்துவிடட்டுமா?"

நீங்கள் மக்கு இல்லை, புத்தகமும் சாகவில்லை. எஃப்12 விசையை ஒருமுறை அழுத்திவிட்டு அதே எண்களை மறுபடி தட்டுங்கள், சதுரம் வரும்.

நடந்தது என்னவென்றால், உங்கள் புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் 150,50 என்று தட்டினால் அது 0,0 என்ற மூலையிலிருந்து கணக்கு. 2006 பதிப்பில் டைனமிக் இன்புட் என்று ஒன்று வந்தது. கர்சருக்குப் பக்கத்திலேயே சின்னப் பெட்டி தோன்றும், நாம் தட்டுவது அதற்குள் விழும். அது ஆனில் இருந்தால் இரண்டாவது புள்ளி தொடங்கி எல்லா எண்ணையும் "கடைசியாக வைத்த புள்ளியிலிருந்து இவ்வளவு தள்ளி" என்றுதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பயிற்சியில் 50,50 அப்புறம் 150,50 அப்புறம் 150,150 அப்புறம் 50,150 என்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதல் புள்ளி சரியாக உட்காரும். அடுத்தது 200,100க்குப் போயிருக்கும், அதற்கடுத்தது 350,250, கடைசி 400,400. கோடு மேலே மேலே ஏறிக்கொண்டே போயிருக்குமே? எஃப்12 அதை அணைக்கிறது. அணைக்க மனமில்லை என்றால் எண்ணுக்கு முன்னால் # போட்டு #150,50 என்று தட்டலாம். @ என்றால் கடைசிப் புள்ளியிலிருந்து என்று பொருள். அது போட்டு வரும் பயிற்சிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவை இரண்டு நிலையிலும் ஒரே மாதிரிதான் வரும்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டோகேட் புத்தகம் உங்களை இப்படிக் கவிழ்க்கும் இடங்கள் நாலைந்துதான். அவற்றைத் தாண்டிவிட்டால் மிச்சப் பக்கங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் அப்படியே ஓடும், ஏனென்றால் 1982இல் முதல் பதிப்பு வெளிவந்ததிலிருந்து கோடு கோடுதான், வட்டம் வட்டம்தான். அந்த நாலைந்து இடம் தெரியாதவர்கள்தான் மூன்றாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் திரையைச் சுற்றி நிற்கும் டூல்பார் படங்கள் எதுவும் உங்கள் திரையில் இருக்காது. 2009 பதிப்பில் ரிப்பன் என்ற மேல்பட்டை வந்தது, கொஞ்ச காலம் பழைய தோற்றத்தை கிளாசிக் என்ற பெயரில் வைத்திருந்தார்கள், 2015இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே "இந்தப் பொத்தானை அழுத்து" என்று வரும் இடமெல்லாம் பொத்தானைத் தேடி நேரம் கழிக்காமல் கமாண்டின் பெயரைத் தட்டுங்கள். அடுத்தது டிரிம். புத்தகம் என்ன சொல்லும்? முதலில் வெட்டும் ஓரத்தைத் தேர்ந்தெடு, எண்டர் தட்டு, பிறகு வெட்ட வேண்டிய கோட்டைத் தொடு. 2021 பதிப்பிலிருந்து டிரிம் எடுத்த எடுப்பிலேயே, தொட்ட கோட்டை வெட்டிவிடும். நீங்கள் ஓரம் என்று நினைத்துத் தொட்டது காணாமல் போகும், என்னடா இது என்று முழிப்பீர்கள். பயப்பட வேண்டாம், புது முறை வேகமானது, அதையே பழகுங்கள். பழைய முறைதான் வேண்டும் என்றால் டிரிம் ஓடும்போது கமாண்ட் லைனில் மோட் என்றொரு தேர்வு தெரியும், அதற்குள் போய் ஸ்டாண்டர்ட் என்று மாற்றலாம். ஒரே உருவத்தை வரிசையாகப் பல பிரதி போடும் அரே கமாண்டுக்குப் புத்தகம் ஒரு பெட்டியைப் படம் போட்டுக் காட்டும், அந்தப் பெட்டியும் 2012இல் போய்விட்டது. அரேகிளாசிக் என்று இடைவெளி விடாமல் தட்டினால் அது எழுந்து வரும்.

புதுப் படம் தொடங்கும்போது எந்த டெம்ப்ளேட் (தொடக்க மாதிரிக் கோப்பு) என்பதிலும் கவனம். ஆகேட்ஐஎஸ்ஓ என்று தொடங்கும் கோப்பு மில்லிமீட்டர் கணக்குக்கு, வெறும் ஆகேட் என்றிருப்பது இன்ச் கணக்குக்கு. தெரியாமல் இன்ச் கோப்பில் 3000 நீளம் என்று சுவர் வரைந்து டைமென்ஷன், அதாவது அளவுக் குறிப்பு, போட்டால் எழுத்து தூசி அளவுக்கு இருக்கும், டைமென்ஷனே வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். மில்லிமீட்டர் கோப்பிலும் எழுத்தின் உயரம் 2.5 தான். ஆகவே அறையளவு படங்களுக்கு டைமென்ஷன் ஸ்டைலில் ஓவரால் ஸ்கேல் என்ற இடத்தில் 50 அல்லது 100 வைக்க வேண்டும். கோடு போட்டேன், திரையில் காணோம் என்றால், கோடு எங்கும் போகவில்லை, நீங்கள்தான் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மவுஸ் சக்கரத்தை இரண்டு தட்டு தட்டுங்கள், மொத்தப் படமும் கண்ணுக்கு வரும்.

சரி, இதெல்லாம் பழுதுபார்க்கிற வேலை. புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்பது எப்படி என்பது வேறு விஷயம், அதில்தான் நான் முதலில் தடுக்கி விழுந்தேன்.

1996இல் நான் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பலகையில் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். மினி டிராஃப்டர், ட்ரேசிங் ஷீட், மை பேனா, பிழை வந்தால் பிளேடால் சுரண்டுவது என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதில் டாஸில் ஓடும் ஆட்டோகேட் ரிலீஸ் 12. சொல்லித்தர ஆளில்லை. எங்கிருந்தோ ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மணிக்கு மேல் எல்லோரும் கிளம்பியபின் அதைப் பக்கத்தில் விரித்து வைத்து உட்காருவேன். இரண்டு மாதத்தில் பயிற்சிகளை எல்லாம் முடித்துவிட்டேன், அந்தக் கேஸ்கெட் படம் உட்பட. உங்கள் புத்தகத்திலும் இருக்கும் பாருங்கள், நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஆறு போல்ட் ஓட்டை. அது இல்லாத கேட் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் ஆறுக்கு நாலு அடி பாத்ரூம் ஒன்றைப் போடு என்றார்கள், கையே ஓடவில்லை. கேஸ்கெட் போட்டவனுக்கு பாத்ரூம் வரவில்லை!

கூட இருந்த மூத்த டிராஃப்ட்ஸ்மேன், அவருக்கே கம்ப்யூட்டர் அரைகுறைதான், ஆனால் வரைகலை தலைகீழ்ப் பாடம், வந்து பார்த்தார். "நீ புத்தகத்தைப் பார்த்துத் தட்டுகிறாய், கீழே அது கேட்கிறதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாய்" என்றார். திரையின் அடியில் இருக்கும் கமாண்ட் லைனைத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புத்தகத்தில் பயிற்சி என்ற பெயரில் அச்சாகியிருப்பதெல்லாம் பதில்கள். அந்தப் பதில்களுக்கான கேள்விகள் திரையின் அடியில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன, நான் அவற்றைப் படிக்காமல் பதில்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு போடும் ஆஃப்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ என்ற எழுத்தைத் தட்டி எண்டர் கொடுத்ததும் எவ்வளவு தூரம் என்று கேட்கும். சொன்னால் எந்தக் கோடு என்று கேட்கும். தொட்டால் எந்தப் பக்கம் என்று கேட்கும். அவ்வளவுதான் ஆஃப்செட். மேஸ்திரியிடம் "இந்தச் சுவருக்குள்ளே ஒரு நாலரை இன்ச் சுவர் வைங்க" என்று சொன்னால் அவரும் இதே மூன்றையும்தான் கேட்பார். மூலையை வளைக்கும் ஃபில்லெட் எடுத்தால் முதல் கோடு எது, அடுத்த கோடு எது என்று கேட்கும், நடுவில் ரேடியஸ் எவ்வளவு என்று மாற்றிக்கொள்ள ஆர் என்ற எழுத்தை நீட்டும். ரேடியஸை 0 என்று வைத்தால் தொடாமல் நிற்கும் இரண்டு கோடுகளை மூலையில் கூராகச் சேர்த்துவிடும். கட்டடப் படத்தில் ஃபில்லெட்டை வளைக்கப் பயன்படுத்தியதைவிட இப்படி மூலை சேர்க்கப் பயன்படுத்தியதுதான் அதிகம், பல புத்தகங்களில் இது ஒரு ஓரக் குறிப்பாக மட்டும் இருக்கும்.

அதனால் ஒரு அத்தியாயத்தை இப்படிப் படியுங்கள். முதல்முறை புத்தகம் சொல்வதை அப்படியே செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு எண்டருக்கு முன்னாலும் அடியில் வந்த கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியம்தான், டிப்ளமோ படித்த உங்களுக்கு ஒன்றும் சிரமம் இல்லை. இரண்டாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு, அத்தியாயத்தின் கடைசிப் படத்தை மட்டும் பார்த்து வரையுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கே மட்டும் திறந்து பாருங்கள். மூன்றாம் முறை, புத்தகத்தில் இல்லாத ஒன்று.

அந்த மூன்றாம் முறைக்கு உங்கள் படுக்கையறையே போதும். புத்தகத்துப் பயிற்சியில் எல்லா எண்ணும் யாரோ ஏற்கெனவே அளந்து, சரிபார்த்து, உருண்டையாக்கிக் கொடுத்தவை. வீடு அப்படி இருக்காது. டேப் எடுத்து உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்துகொள்ளுங்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் ஏறக்குறைய 3050க்கு 3660 மில்லிமீட்டர் வரும். ரெக்டாங்கிள் கமாண்டில் ஒரு புள்ளி வைத்து @3050,3660 என்று தட்டுங்கள். வெளிப்பக்கம் 230 ஆஃப்செட், அதுதான் நம்மூர் ஒன்பது இன்ச் சுவர். கதவு இருக்கும் இடத்தில் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிலை தொடங்குகிறது என்று அளந்து சுவருக்குக் குறுக்கே இரண்டு சின்னக் கோடு போட்டு, நடுவை டிரிம் செய்தால் வாசல் திறந்துவிடும். ஜன்னலுக்கும் அதேதான், அங்கே மட்டும் சுவர்க் கோடு நிற்க வேண்டும், ஏன் என்று உங்களுக்கே தெரியும். பிளான் என்பது ஜன்னல் திண்டுக்குக் கொஞ்சம் மேலே வீட்டைக் கிடையாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. கதவுக்கு அடியில் சுவர் இல்லை, ஜன்னலுக்கு அடியில் உண்டு.

இப்போது டேப்பை மறுபடி எடுத்து அறையை மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள், இரண்டு பக்கமும். திரையிலும் டிஸ்ட் கமாண்டால் அதே மூலைகளைத் தொட்டுப் பாருங்கள், 4764 என்று காட்டும். டேப்பில் இரண்டும் 4764க்கு அக்கம்பக்கத்தில் வந்தால் உங்கள் மேஸ்திரி கெட்டிக்காரர். ஒன்று 4790, இன்னொன்று 4738 என்று வந்தால் (பெரும்பாலான வீடுகளில் ஏதாவது ஒரு அறையில் இப்படித்தான் வரும்) அறை மூலைமட்டத்தில் இல்லை, நீங்கள் போட்ட செவ்வகம் பொய். அப்போது என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து முக்கோணம் போட்டோமே, அதேதான். 3050 சுவரைக் கோடாகப் போடுங்கள். ஒரு நுனியை மையமாக வைத்து 3660 ரேடியஸில் ஒரு வட்டம், மறு நுனியை மையமாக வைத்து 4790 ரேடியஸில் ஒரு வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மூன்றாவது மூலை. நான்காவதுக்கும் அப்படியே, இந்தத் தடவை 3660ஐயும் 4738ஐயும் நுனி மாற்றிப் போடுங்கள். வட்டங்களை அழித்துவிட்டால் கையில் இருப்பது உங்கள் அறை. கப்போர்டு செய்கிறவருக்கும் டைல்ஸ் போடுகிறவருக்கும் இந்தப் படம்தான் வேண்டும்.

எல்லாமே நிஜ அளவில் வரைகிறோம் என்பதை கவனித்திருப்பீர்கள். உங்களைப்போல் ஷீட்டில் 1:100 என்று வரைந்து பழகியவர்களுக்குக் கை தானாக நூறால் வகுக்கப் பார்க்கும். விடாதீர்கள். மாடல் ஸ்பேஸில், அதாவது நாம் வரையும் இடத்தில், 3050 என்றால் 3050. தாளுக்கு எத்தனை மடங்கு சுருக்குவது என்பது பேப்பர் ஸ்பேஸ் எனும் லேஅவுட் தாளில், படத்தைக் காட்டும் வியூபோர்ட் என்ற ஜன்னலில் முடிவு செய்வது. அந்தப் பேப்பர் ஸ்பேஸ் 1990இல் வந்த ரிலீஸ் 11இலேயே இருக்கிறது, ஆனாலும் புத்தகங்களில் அது ரொம்பப் பின்னால் வரும். அந்த அத்தியாயத்தை மட்டும் முன்னால் இழுத்து, அறையை வரைந்து முடித்ததும் படித்துவிடுங்கள்.

டைமென்ஷன் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இது நான் பட்ட அவமானம். பலகையில் வரைந்த காலத்தில், ஒரு அளவு மாறினால் கோட்டை அழித்துத் திரும்பப் போட நேரம் இல்லாவிட்டால் எண்ணை மட்டும் மாற்றி எழுதி அடிக்கோடு போட்டுவிடுவோம். அடிக்கோடு இருந்தால் இந்த அளவு ஸ்கேலுக்கு இல்லை என்று அர்த்தம், அது ஏற்கப்பட்ட வழக்கம். அந்தப் பழக்கத்தோடு கம்ப்யூட்டருக்கு வந்தவன் நான். ஒரு வீட்டின் தூண் படத்தில் 3450 என்று தட்ட வேண்டிய இடத்தில் 3405 என்று தட்டியிருக்கிறேன். டைமென்ஷன் 3405 என்று காட்டியதும், நகர்த்தப் போனால் பத்து இடம் மாற்ற வேண்டுமே என்று சோம்பல், எழுத்தை மட்டும் திருத்தி 3450 ஆக்கிவிட்டேன். அடிக்கோடு கூடப் போடவில்லை. பிரிண்ட் அழகாகத்தான் வந்தது. தூண்களின் மையக்கோடுகளைத் தரையில் குறிக்கும் சென்டர் லைன் மார்க்கிங் நடந்த அன்று காலை சைட்டிலிருந்து போன்: தனித்தனி அளவைக் கூட்டினால் ஒன்று வருகிறது, மொத்த அளவு 45 மில்லி குறைவாக இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது? மொத்த அளவைக் கணினி தானே அளந்து போட்டிருந்தது, அது வரைந்ததைச் சொன்னது. நான் எழுதியது நான் நினைத்ததை. ஆட்களை அரை நாள் உட்கார வைத்துவிட்டு நான் உட்கார்ந்து பத்து இடமும் மாற்றினேன். ஆகவே உங்கள் புத்தகத்தில் டைமென்ஷன் எழுத்தைத் திருத்துவது எப்படி என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் படியுங்கள், ஆனால் எண்ணைத் திருத்த அதைப் பயன்படுத்தாதீர்கள். அளவு தப்பென்றால் கோட்டை மாற்றுங்கள், எண் தானாக மாறும். அடுத்தவர் போட்ட படம் கைக்கு வந்தால் சந்தேகமான டைமென்ஷனைத் தொட்டு ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேயர், ஹேட்ச், பிளாக் எல்லாம் புத்தகம் சொல்கிற வரிசையிலேயே போகலாம், சிக்கல் ஒன்றும் இல்லை. புள்ளிக்கோடு போட்டும் திரையில் முழுக்கோடாகவே தெரிந்தால் எல்டிஸ்கேல் மதிப்பைக் கூட்டுங்கள். 3டி அத்தியாயங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கட்டட அலுவலகங்களில் அந்த வேலையை வேறு மென்பொருளில்தான் செய்கிறார்கள். புத்தகம் அமெரிக்காவில் எழுதியதாக இருந்தால் அடி, இன்ச் கணக்கிலும் தேர்ட் ஆங்கிள் புரொஜெக்ஷனிலும் இருக்கும். நமக்குச் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். பிளானும் எலிவேஷனும் இடம் மாறி நின்றால் குழம்ப வேண்டாம்.

சென்டரில் சேரலாமா என்று கேட்டீர்கள். தினமும் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் படிப்பு நடக்கும் என்கிற சுபாவம் என்றால் சேருங்கள், தப்பில்லை. சான்றிதழுக்காக என்றால், நான் ஆள் எடுக்க உட்கார்ந்த இடங்களில் பென்சிலால் கிறுக்கி அளவு எழுதிய ஒரு தாளைக் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுவோம். சில சமயம் வேண்டுமென்றே ஒரு அளவை எழுதாமல் விட்டிருப்போம், அல்லது கூட்டினால் உதைக்கிற மாதிரி எழுதியிருப்போம். வந்து "சார், இந்த அளவு இடிக்கிறதே" என்று கேட்கிறவரைத்தான் எடுத்தோம். படுக்கையறையைக் குறுக்காக அளந்து பார்த்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வரும்.

கடைசியாக, அந்த ஆட்டோகேட் தம்பியின் மாணவர் உரிமம் என்றால் அது அவருடைய படிப்புக்கு மட்டும் கொடுத்தது, அதில் காசுக்கு வேலை எடுத்துச் செய்யாதீர்கள். அவருக்கு லேப்டாப் வேண்டியிருக்கிற நாட்களில் வேறு கணினி கிடைத்தால் லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம், பெரிய இடமும் கேட்காது. கமாண்ட் பெயர்கள் வேறாக இருக்கும், கோப்பை டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்தால் இரண்டுக்கும் இடையில் கொண்டுபோய் வரலாம். அங்கேயும் அது கேட்கிறதைப் படித்துவிட்டுத் தட்டுங்கள்.